நிரப்பும் வழியை முதலில் திறவுங்கள்



மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, போதகர் இல்லத்து முற்றத்தில் நம் சபை வேனுக்கு அடியில் நான் மல்லாந்து படுத்திருந்ததைச் சாலையில் சென்ற உங்களில் சிலர் பார்த்தீர்கள். விபத்தோ என்று பதறி ஓடிவந்த இருவரிடம், "ஒன்றுமில்லை, கியர் ஆயில் மாற்றுகிறேன்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். நான் சொன்னது பாதி உண்மை. மீதிப் பாதியை இன்று எழுதுகிறேன்.

நம் வேனை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மாருதி ஆம்னி. 1984இல் இந்தியச் சாலைகளுக்கு வந்து, 2019இல் தயாரிப்பு நிறுத்தப்பட்ட வகை. முன் இருக்கைகளுக்கு அடியிலே எஞ்சின், அதன் பின்னே தரைக்கடியில் கியர் பெட்டி, அங்கிருந்து நீண்ட தண்டு ஒன்று பின்சக்கரங்களுக்கு. 796 சி.சி. திறனுள்ள சிறிய எஞ்சின், முழங்கால் வலியுள்ள ஏழு தாய்மாரையும் அவர்களுடைய வேதாகமப் பைகளையும், அறுப்புக் காலத்தில் காணிக்கையாக வரும் நெல்மூட்டைகளையும் இத்தனை ஆண்டுகளாக முனகாமல் இழுத்து வந்திருக்கிறது. முனகாமல் என்று எழுதிவிட்டேன், அது சரியன்று. கடந்த இரண்டு ஆண்டுகளாக அது முனகிக்கொண்டுதான் இருந்தது. குளிர்ந்த காலைகளில் இரண்டாவது கியரைப் போடும்போது பல்லோடு பல் உரசும் ஓசை எழும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கைப்பிடி ஒரு கணம் மறுத்துப் பிறகு இணங்கும். முன்வரிசைத் தாய்மார் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நானோ, பழைய வண்டிகள் அப்படித்தான் என்று சொல்லிச் சிரித்து மழுப்புவேன்.

அந்த ஓசைக்குக் காரணம் இன்னதென்று எனக்கு அப்போதே சொல்லப்பட்டிருந்தது. சொன்னவர் நம் சபையின் சகோதரர் ஒருவர், வாகனம் பழுது பார்க்கும் தொழில் செய்பவர். உத்திரமேரூர் போகும் வழியில் அவருடைய பட்டறை இருக்கிறது. பெயர் எழுதக்கூடாது என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. உங்களில் பலருக்கு அவர் யாரென்று தெரியும். இதைப் படித்துவிட்டு அவரிடம் போய் இதைப் பற்றிப் பேசவேண்டாம் என்பது அவருடைய இன்னொரு வேண்டுகோள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேனைப் பார்த்துவிட்டு அவர் ஒரு தாளில் செலவுக்கணக்கு எழுதித் தந்தார். பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், கியர் ஆயில் மாற்றுதல். மூன்றாவது வரிக்கு எதிரே 1,150 ரூபாய் என்று இருந்தது. "ரெண்டாவது கியர் உரசுது ஐயா. ஆயில் மாத்தலேன்னா உள்ள இருக்கிற பித்தளை ரிங் தேஞ்சிடும்" என்றார். அன்று மாலை சபைக் கமிட்டி கூடியது. அந்த மாதம் கூரை ஒழுகலுக்கும் பணம் தேவைப்பட்டது. நான் பேனாவை எடுத்து மூன்றாவது வரியை அடித்தேன். அடித்ததோடு நின்றிருக்கலாம். "ஓடுகிற வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதால் வண்டிக்கு என்ன லாபமோ, பட்டறைக்கு லாபம் உண்டு" என்று சொன்னேன். கமிட்டியார் சிரித்தார்கள். சிரிக்க வைத்ததில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சியும் இருந்தது.

கமிட்டியில் பேசுவது கமிட்டியோடு நிற்பதில்லை. பிரேக்கையும் கேபிளையும் அவர் குறைவின்றிச் சரிசெய்து கொடுத்தார். அதன்பின் ஞாயிறுகளில் அவருடைய மனைவி மட்டும் பிள்ளைகளோடு வந்து கடைசிப் பாயில் உட்காருவார். பட்டறையில் வேலை அதிகம் என்று காரணம் சொல்வார். நானும் அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

ஓசை பெருத்துப்போன பிறகு, இந்த வேலையை நானே செய்துவிடலாம் என்று ஒரு எண்ணம் எழுந்தது. சிக்கனம் என்று என் துணைவியாரிடம் சொன்னேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "பட்டறைக்குப் போக வெட்கமா இருக்குன்னு சொல்லுங்க" என்றார். பதில் சொல்லாமல் வண்டியின் கையேட்டைத் தேடப் போனேன்.

கியர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை, இறையியல் கல்லூரியில் கிரேக்க இலக்கணம் படித்த அதே பிடிவாதத்தோடு படித்தேன். அதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். பெட்டிக்குள் எஃகுப் பற்சக்கரங்கள் எப்போதும் சுழன்றுகொண்டிருக்கின்றன. நாம் கியர் மாற்றும்போது வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு உறுப்புகளை ஒன்றாகப் பூட்டவேண்டியிருக்கிறது. வேகம் சமமாகாமல் பூட்டினால் பல் உடையும். ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பித்தளை. சிங்க்ரோனைசர் வளையம் என்பது அதன் பெயர். முதலில் அது ஒரு பக்கத்தின்மேல் உரசி அதன் வேகத்தை மற்றதற்கு இணையாக்குகிறது. பிறகே பற்கள் ஒன்றோடொன்று சேருகின்றன. எஃகைவிட மென்மையான உலோகம் என்பதால் உரசலின் தேய்மானத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. அந்த உரசலைத் தாங்கும் அளவுக்குப் படலமாக நிற்பதும், உண்டாகும் சூட்டை வாங்கிக்கொள்வதும் எண்ணெயின் வேலை.

எஞ்சின் ஆயிலை நாம் அடிக்கடி மாற்றுகிறோம். அது பெட்ரோல் எரியும் இடத்தருகே இருப்பதால் விரைவில் கறுக்கிறது. அதற்கு வடிகட்டியும் உண்டு. கியர் பெட்டியில் எரிதல் இல்லை, ஆகவே எண்ணெய் பல ஆண்டுகள் நிற்கும். ஆனால் இத்தகைய சாதாரணக் கியர் பெட்டிகளில் வடிகட்டியும் இல்லை. தேய்ந்த துகள் வெளியே போக வழியின்றி அதே எண்ணெயில் சுற்றிச்சுற்றி வந்து மறுபடியும் தேய்க்கிறது. 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது என்று நம் சகோதரர் சொல்லியிருந்தார். நம் வேன் 90,000ஐத் தாண்டியும் பழைய எண்ணெயிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

எண்ணெய் வாங்கப் போனபோது ஒன்று கற்றேன். வண்டி வைத்திருக்கும் உங்களுக்கு இது உதவும். கடையில் "கியர் ஆயில்" என்று மட்டும் கேட்டால் எதையாவது தந்துவிடுவார்கள். டப்பாவின்மேல் 80டபிள்யூ-90 என்பது போன்ற ஒரு குறி இருக்கும். அது எண்ணெயின் தடிமனைக் காட்டுவது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. திருப்புலிவனத்துச் சித்திரை வெயிலில் அந்த எழுத்துக்கு என்ன வேலை என்று எண்ணிக்கொண்டேன். அதன் அருகே ஜி.எல்.-4 அல்லது ஜி.எல்.-5 என்று இன்னொரு குறி இருக்கும். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த தரக்குறி இது. ஐந்து நான்கைவிட உயர்ந்தது என்று நினைத்து, ஜி.எல்.-5 டப்பாவைக் கையில் எடுத்துவிட்டேன். நல்லவேளையாகக் கையேட்டின் பக்கத்தைக் கிழிக்காமல் படியெடுத்துக் கொண்டுபோயிருந்தேன். ஜி.எல்.-5 எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்க்கை மிகுதி. பின் அச்சின் டிஃபரன்ஷியலில் பெரும் அழுத்தத்தைத் தாங்க அது வேண்டும். அதே எண்ணெயைக் கியர் பெட்டியில் ஊற்றினால் பித்தளை வளையங்களை அந்தக் கந்தகம் அரிக்கக்கூடும். ஒரே வண்டியில் ஓரிடத்துக்கு ஏற்றது மற்றோரிடத்துக்குத் தீங்காகிறது. ஜி.எல்.-4 டப்பாக்கள் இரண்டு வாங்கித் திரும்பினேன்.

உங்களில் சிலருடைய பிள்ளைகள் புதிய வண்டி வாங்கியிருக்கிறார்கள். "எங்களுடையது ஆட்டோமாட்டிக், போதகரே" என்பார்கள். அதிலும் ஒரு கவனம் வேண்டும். 2014இல் மாருதி செலேரியோவோடு நம் நாட்டில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. என்ற வகையில், உள்ளே இருப்பது நாம் கையால் மாற்றும் அதே பழைய கியர் பெட்டிதான்; கிளட்சையும் கியரையும் இயக்க ஒரு கருவியைச் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே அதன் பெட்டிக்குச் சாதாரணக் கியர் ஆயில். இயக்கும் கருவிக்கு வேறு திரவம். உண்மையான ஆட்டோமாட்டிக் பெட்டிகளுக்கு ஏ.டி.எஃப். எனப்படும் மெல்லிய சிவப்பு எண்ணெய். இந்தச் சிவப்பு எண்ணெய்க்கு ஒரு துயரக் கதை உண்டு. 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் அதனுள் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்துவந்தார்கள். கடுஞ்சூட்டிலும் வழுக்கும் குணம் அதற்கு இருந்தது. திமிங்கிலங்களைக் காக்க அந்நாட்டில் தடை வந்தபின்னரே வேறு வேதிப்பொருளைத் தேடினார்கள். யோனாவின் புத்தகத்தைப் போதிக்கும்போது இதைச் சொல்லவேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன். பொருத்தம் இன்னும் பிடிபடவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வேனைக் காஞ்சிபுரம் சாலையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்தேன். எண்ணெய் சூடானால் இளகும். கசடும் அதோடு சேர்ந்து வெளியே வரும். சிமெண்டுத் தரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, கடன் வாங்கிய இரண்டு இரும்பு ஸ்டாண்டுகளின்மேல் இறக்கினேன். இதை மட்டும் நான் சரியாகச் செய்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வண்டிக்கு அடியிலும் போகாதீர்கள். தூக்குவதற்கு உரிய கருவி அது; தாங்கி நிற்பதற்கு உரியதன்று. அது சறுக்கினால் மறுவாய்ப்பு இல்லை.

கியர் பெட்டியில் இரண்டு போல்ட்டுகள் உண்டு. அடியில் இருப்பது எண்ணெயை வடிப்பதற்கு. பக்கவாட்டில் சற்று மேலே இருப்பது நிரப்புவதற்கு. அடியில் இருந்ததை ஸ்பேனர் கொண்டு திருகினேன், உடனே இணங்கியது. பழைய அலுமினியத் தட்டில் எண்ணெய் கனத்த கயிறுபோல் இறங்கியது. கெட்ட வெங்காயம்போல ஒரு கந்தக வாடை. தேன் நிறமாய் இருக்கவேண்டியது கருங்காப்பி நிறத்தில் இருந்தது. பாலூற்றிய காப்பிபோல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்கு அப்படி ஆவதுண்டு. நம் வேனுக்கு அந்தக் கேடு வரவில்லை.

வடிந்து முடியக் கால்மணி நேரம் விட்டேன். பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தைத் தட்டில் அமிழ்த்தி எடுத்தபோது சாம்பல்நிறக் களிம்பு திரண்டு ஒட்டியிருந்தது. எஃகுத் தூள். ஓரளவு அது எந்தப் பெட்டியிலும் இருக்கும். அதற்காகவே பல வண்டிகளில் வடிக்கும் போல்ட்டின் நுனியிலேயே காந்தம் வைத்திருக்கிறார்கள். காந்தத்தை எடுத்த பிறகு தட்டைச் சாய்த்தேன். மாலை வெயில் அதன்மேல் விழுந்தது. கறுப்பு எண்ணெய்க்குள் பொன்னிறப் பொடி சுழன்று சுழன்று மின்னியது. காந்தத்துக்கு ஒட்டாத உலோகம். பித்தளை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டதும், நான் பேனாவால் அடித்ததும், கமிட்டியார் சிரித்ததும் அந்தத் தட்டில் இருந்தன. நான் அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. "ஞாயிறு பிரசங்கம் ஆயத்தமா?" என்று உள்ளிருந்து குரல் வந்தபோதுதான் எழுந்தேன். மறுநாளுக்கு நான் ஆயத்தப்படுத்தி வைத்திருந்த பகுதி எது என்று உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்: மலைப்பிரசங்கத்தில் காணிக்கையையும் மனத்தாங்கல் கொண்ட சகோதரனையும் பற்றியது. இதை நான் ஜோடித்துச் சொல்லவில்லை. அந்தப் பகுதி அட்டவணைப்படி வந்தது.

அடிப்போல்ட்டுக்குப் புதிய வாஷர் போட்டு இறுக்கிவிட்டு, நிரப்பும் போல்ட்டின்மேல் ஸ்பேனரை வைத்தேன். அது அசையவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். வாய் திறந்த ஸ்பேனர் நழுவி, போல்ட்டின் இரண்டு முனைகளை மழுக்கிவிட்டது. என் விரல்முட்டியிலும் தோல் உரிந்தது. மணி நான்கரை. பெட்டிக்குள் இருந்த எண்ணெய் முழுவதும் தட்டில். புதிய எண்ணெய் டப்பாவில். உள்ளே போக வழி இல்லை. எண்ணெய் இல்லாத பெட்டியோடு வண்டியை ஓட்டினால் சில கிலோமீட்டரிலேயே உள்ளே எல்லாம் கெட்டுவிடும். மறுநாள் காலை ஏழு தாய்மார் தங்கள் வாசலில் சேலையை ஒழுங்குபடுத்திக்கொண்டு காத்து நிற்பார்கள்.

மிதிவண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அந்தச் சாலையில் என்னை முந்திச்சென்ற இருசக்கர வண்டிகளில் ஏதாவது ஒன்று நின்று, "எங்கே ஐயா?" என்று கேட்டு என்னைத் திருப்பி அனுப்பாதா என்று கூட எண்ணினேன்.

அவர் ஒரு டிராக்டரின் முன் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "வாங்க ஐயா" என்றார். அதில் மரியாதை குறையவில்லை. வேறு எதுவும் கூடவுமில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"மேல் போல்ட்ட மொதல்ல தெறந்து பாத்தீங்களா ஐயா?"

"இல்லை தம்பி. கீழே இருந்ததைத்தான் முதலில் திறந்தேன்."

"எப்பவும் மேல இருக்கறதத்தான் மொதல்ல தெறக்கணும். அது தெறக்கலேன்னா கீழ தொடவே கூடாது. ஊத்த வழி இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் உள்ள இருக்கறத வெளிய விடணும்."

இதைவிட எளிய விதி இந்த வேலையில் இல்லை. இதைவிட முக்கியமானதும் இல்லை. நீங்களே உங்கள் வண்டிக்கு இதைச் செய்ய நினைத்தால், வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

வேறொன்றும் பேசாமல் ஒரு பையில் கருவிகளை எடுத்துக்கொண்டு வந்தார். முற்றத்துக்கு வந்ததும், முதலில் வேனையே ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். "முன்பக்கம் மட்டும் தூக்கி வெச்சிருக்கீங்க. இப்படியே ஊத்தினா அளவு தப்பாப் போயிடும். வண்டி சமமா நிக்கணும்" என்றார். நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் நிற்கவேண்டும் என்பது கணக்கு. வண்டி சாய்ந்திருந்தால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். தன் பட்டறையிலிருந்து இன்னும் இரண்டு ஸ்டாண்டுகளை வரவழைத்துப் பின்பக்கத்தையும் தூக்கினார். அதன்பின் மழுங்கிய போல்ட்டைச் சுற்றித் துருநீக்கும் திரவத்தைத் தெளித்துவிட்டு, தேநீர் கேட்டார். அந்தத் திரவம் இறங்க இருபது நிமிடம் வேண்டும்.

அந்த இருபது நிமிடத்தை நான் விவரிக்கப்போவதில்லை. தட்டில் இருந்த பொன்னிறப் பொடியை அவருக்குக் காட்டினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கமிட்டியில் நான் சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல், அவர் முகத்துக்கு நேராக மறுபடியும் சொன்னேன். அது பொய்யென்றும், சொன்னது பாவமென்றும் சொன்னேன். மன்னிக்கும்படி கேட்டேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப மாத்தினா அந்த ரிங் சரியாயிடுமா தம்பி?" என்று கேட்டேன்.

"தேஞ்சது தேஞ்சதுதான் ஐயா. இனிமே தேயறது குறையும்."

வளையத்தைப் பற்றித்தான் அவர் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பிறகு எழுந்து, ஆறுமுகமும் முழுதாகக் கவ்வும் பாக்ஸ் ஸ்பேனரை வைத்து, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். நான் வியக்கும்படி, போல்ட்டைத் திறக்கும் திசையில் திருகாமல் முதலில் இறுக்கும் திசையில் ஒரு இம்மி திருகினார். துருவின் பிடி உடைவதற்கு அதுவும் ஒரு வழியாம். அடுத்த இழுப்பில் 'டக்' என்று ஓசை வந்து போல்ட் இணங்கியது. ஒரு குழாயின் முனையில் புனலைச் செருகி, எண்ணெயைப் பொறுமையாக இறக்கினோம். நான் மேலே ஊற்றினேன், அவர் கீழே குழாயைப் பிடித்திருந்தார். துளையிலிருந்து புதிய எண்ணெய் நூல்போல வழியத் தொடங்கியதும் நிறுத்தச் சொன்னார். சுண்டுவிரலை உள்ளே மடக்கிப் பார்த்து, விளிம்பில் எண்ணெய் தொடுவதை உறுதிசெய்தபின், மழுங்கிய போல்ட்டுக்குப் பதிலாகத் தன் பையிலிருந்து ஒன்றைப் போட்டு மூடினார். இருட்டிவிட்டது. என் துணைவியார் பிடித்திருந்த கைவிளக்கின் ஒளியில் கடைசித் திருகல் நடந்தது.

பழைய எண்ணெயை என்ன செய்வது என்று கேட்டேன். வேலிக்கம்பங்களுக்குக் கரையான் வராமல் பூசுவது நம் ஊர் வழக்கம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவர் தலையசைத்து மறுத்து, அதைப் பழைய டப்பாக்களில் ஊற்றி எடுத்துக்கொண்டார். பட்டறையில் ஒரு பீப்பாய் வைத்திருக்கிறார். மறுசுழற்சிக்காரர் வந்து எடுத்துச்செல்கிறார். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயையும் அபாயகரக் கழிவுகளில் சேர்த்திருக்கின்றன. அவர் விதியைச் சொல்லவில்லை. "மழை பேஞ்சா எல்லாம் ஏரிக்குத்தானே போகுது" என்றார்.

அவர் போனபின் ஏரி என்ற அந்தச் சொல் என்னோடு நின்றுவிட்டது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பதை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். கி.பி. 919, 921. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை எடுத்தார்கள் என்பதை எல்லாரும் சொல்வார்கள். ஏரியைக் கவனிப்பதற்கென்றே ஏரி வாரியம் என ஒரு குழு இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய உறவினரும் மறுபடியும் தேர்வுக்கு வரக்கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஊர்வலம் வரும் விருந்தினரை அழைத்துப்போய் இந்த வரியைப் பெருமையோடு நான் காட்டியதுண்டு. கணக்குக் காட்டாதவனைத் தள்ளினார்கள். ஒழுங்காகக் கணக்குக் காட்டியவனை, சிரித்துத் தள்ளிய சபையை அந்தச் சுவரில் தேடினேன்; எழுதிவைக்க அவர்களுக்கு அவசியம் ஏற்படவில்லைபோலும்.

கமிட்டியாரை மறு வாரம் கூட்டினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கூட்டக் குறிப்பேட்டைத் திறந்து, அந்த வரியை நான் அடித்தது தவறு என்றும், அப்போது நான் சொன்ன வார்த்தை ஆதாரமற்றது என்றும் புதிய குறிப்பில் எழுதி, கையொப்பமிட்டேன். அன்று சிரித்தவர்களில் இருவர் தாங்களும் கையொப்பமிடுவதாகச் சொல்லி இட்டார்கள். அவர்களை நான் கேட்கவில்லை.

சகோதரருக்குப் பணம் கொடுக்கப் போனேன். எண்ணெய் நான் வாங்கியது. ஆகவே வேலைக்கூலி 200, போல்ட்டுக்கு 50 என்று தாளில் எழுதித் தந்தார். நான் 500 ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். கல்லாவைத் திறந்து 250 ரூபாயை எண்ணித் திருப்பிக் கொடுத்தார். காணிக்கையாக வைத்துக்கொள்ளச் சொல்லி நான் வாயெடுக்கும்முன், "கணக்கு சரியா இருக்கட்டும் ஐயா" என்றார். அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இப்போது இரண்டாவது கியர் எப்படி என்று கேட்பீர்கள். வெயிலேறிய பின் மெத்தென்று விழுகிறது. விடியற்காலையில், முதல் சில நிமிடங்கள், பழைய ஓசை தலைகாட்டுகிறது. முன்வரிசைத் தாய்மார் இப்போதும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். பழைய வண்டிகள் அப்படித்தான் என்று நான் சொல்வதில்லை.

கடந்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கு முந்தின ஞாயிறும் வரவில்லை. அவருடைய மனைவி பிள்ளைகளோடு வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தார்.

ஆனால் அன்று பட்டறையை விட்டு நான் இறங்கும்போது, கையிலிருந்த டிராக்டர் உறுப்பிலிருந்து கண்ணெடுக்காமல் அவர் சொன்னார்: "ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் வண்டியக் கொண்டாங்க ஐயா. கசிவு இருக்கான்னு நான் ஒருதரம் பாக்கணும்." அன்றைய மீட்டர் எண்ணை என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். இன்று காலை பார்த்தேன். 312 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்